நாற்பத்தைந்து நிமிடக் குன்று

பூங்கா இலாகாவில் மேஜையோடு மேஜையாக ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் பலகைக்காரரைக் கண்டால் ஒரு பெருமூச்சு வரும். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார். ஒரு பெயின்ட் டப்பா, இரண்டு தூரிகை, சுத்தியல், ஆணிப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனால் சாயங்காலம்தான் திரும்புவார். நகருக்குள்ளும் நகரைச் சுற்றியும் இலாகா அமைத்திருந்த நான்கு நடைபாதைகளுக்கும் அவர்தான் பலகை எழுதுபவர். ஏரிக்கரைப் பாதை, பழைய கல்குவாரிப் பாதை, கைவிடப்பட்ட ரயில் பாதை, தண்ணீர்த்தொட்டிக் குன்று. எந்தத் திருப்பத்தில் இடது பக்கம், எங்கே வழுக்கும், எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று அவர் எழுதியதைப் பார்த்துத்தான் ஊர் நடந்தது.

எழுத்து என்றால் அப்படி ஒரு எழுத்து. குறிப்பாக எண்கள். அவர் போடும் 4 நிமிர்ந்து நிற்கும். 5-க்கு வயிறு அளவாக இருக்கும். அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஒரு பலகையில் வந்தபோதுதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பித்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அவருக்கு இருபத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தண்ணீர்த்தொட்டிக் குன்றுக்குப் பாதை வெட்டி முடித்திருந்தார்கள். அடிவாரத்தில் ஒரு கேட், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, மேலே பழைய தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு கல் மண்டபம். நடந்து பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். இவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை நடந்தார். எழுபது நிமிடம் என்று கொண்டுபோய் அன்றைய அதிகாரியிடம் கொடுத்தார்.

அந்த அதிகாரி நாற்காலியிலிருந்து காருக்கும் காரிலிருந்து நாற்காலிக்கும் நடந்ததைத் தவிர வேறு நடை அறியாதவர். ஆனால் நடப்பதன் இன்பம் பற்றி அவரைப்போல் பேச ஆள் கிடையாது. 'நகருக்குள்ளும் நகரைச் சுற்றியும் இனிய இயற்கை நடைகள்' என்று வண்ணப் படத்தோடு ஒரு கையேடு தயாராகிக்கொண்டிருந்தது. முன்னுரை அவருடையது.

"எழுபது நிமிஷம்னு போட்டா எவன்யா வருவான்?" என்றார்.

"ரெண்டு தடவை நடந்து பாத்தேன் சார். கொஞ்சம் வேகமாவே நடந்தேன்."

"நீ நடந்தது வேலைக்கு. ஜனங்க நடக்கப் போறது ஜாலிக்கு. ஜாலியா நடக்கறவன் சீக்கிரம் போயிடுவான். நாப்பத்தஞ்சுன்னு போடு."

வேலை நிரந்தரமாகாதவனுக்கு வாதம் எதற்கு? அன்று மத்தியானமே 45 என்று எழுதினார். மற்ற மூன்று பாதைகளிலும் இதே கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பறந்தது. பெயின்ட் காயும்வரை தூரத்தில் நின்று பார்த்தார். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

அதிகாரி அதோடு விட்டாரா? மேலே கல் மண்டபத்தில் ஓர் இரும்புப் பெட்டி வைக்கச் சொன்னார். அதற்குள் ஒரு பதிவேடு, கயிற்றில் கட்டிய பேனா. தேதி, பெயர், எடுத்துக்கொண்ட நேரம், குறிப்பு என்று நான்கு கட்டம். முதல் நாள் ஏறியவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். நிஜமாகவே ஓடி ஏறக்கூடியவர். ஐம்பத்திரண்டு என்று எழுதினார். இரண்டாமவர் ஒரு வங்கி மேலாளர். நாக்கு தள்ள மேலே வந்து சேர்ந்தவர், கீழே பலகையில் பார்த்த 45-ஐயும் மேலே எழுதியிருந்த 52-ஐயும் யோசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். 46 என்று எழுதினார். அடக்கத்துக்காக ஒரு நிமிடம் கூட்டிப் போட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்த அடக்கமும் இல்லை. நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. ஒரு பிரகஸ்பதி முப்பத்தொன்று என்று எழுதியிருந்தார்.

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் குன்று ஏறவில்லை. முந்தின வரியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். தனக்கு மட்டும்தான் எழுபது நிமிடம் ஆகிறது, ஊரில் மற்றவன் எல்லாம் காற்றாகப் பறக்கிறான் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வெட்கப்பட்டார்கள். அடுத்த தடவை வேகமாக நடக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பாதையில் மரங்கொத்தி உண்டு. பாறை இடுக்கில் சின்னதாக ஒரு ஊற்று உண்டு. மூன்றாவது திருப்பத்தில் நின்றால் மொத்த நகரமும் தெரியும். ஒருத்தர் நிற்க வேண்டுமே! கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கணவன் மனைவியை அதட்டினான், தாய் பிள்ளையை இழுத்தாள். மேலே போய்க் குறிப்பு என்ற கட்டத்தில் 'மனதுக்கு நிம்மதி' என்று எழுதினார்கள்.

கேட்டில் இருந்த காவலாளிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எட்டு மணிக்கு உள்ளே போகிறவர்கள் பத்தரைக்கு முன்னால் திரும்புவதில்லை. கணக்கு எங்கேயோ இடிக்கிறதே என்று அவர் பலகைக்காரரிடம் ஒரு தடவை கேட்கவும் செய்தார். கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"மேல போய் போட்டோ எடுப்பாங்க போல, இல்லண்ணே?"

"ஆமா, ஆமா. போட்டோதான்" என்றார் பலகைக்காரர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாலைந்து வருடத்தில் அவரே அந்தப் பலகையை நம்ப ஆரம்பித்துவிட்டார். எழுதியது தன் கை என்றாலும், ஊரே நாற்பத்து நான்கு என்று கையெழுத்துப் போடும்போது தான் நடந்த எழுபதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. அன்று தோளில் பை இருந்தது, வெயில் அதிகம், பாதை புதிது. பிறகு அந்த எழுபதும் மறந்தது. அலுவலகத்தில் யாராவது கேட்டால், "நான் அந்தக் காலத்துல நாப்பத்தஞ்சுல ஏறினவன்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு களங்கமும் இருக்காது.

ஊர் ஏமாந்தது போகட்டும், கடிகாரம் கட்டத் தெரிந்த ஊர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு? எனக்குக் கோபமெல்லாம் அவர் மனைவி விஷயத்தில்தான்.

அந்த அம்மாள் தையல்காரி. மூன்று தெரு தள்ளி, பெரிய கடைகளில் வாங்கிய உடைகளை அளவுக்குத் தக்கபடி பிடித்தும் விட்டும் தைத்துத் தருகிற கடையில் வேலை. கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். இடுப்பு முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு என்றுதான் சொல்வாள். முப்பத்தாறு என்று சொல்லச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். "நான் சொன்னா ஆச்சா? பேன்ட் ஒத்துக்கணுமே" என்பாள்.

கல்யாணம் ஆன முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் அவளைக் குன்றுக்கு அழைத்துப் போனார். புது மாப்பிள்ளை. பஸ்ஸில் போகும்போதே, சீட்டி அடித்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடத்தில் ஏறிவிடுவேன் என்று அளந்துவிட்டிருந்தார். அவள் எங்கும் உட்காரவில்லை, எதற்கும் நிற்கவில்லை, நல்ல நடைதான் நடந்தாள். இருவரும் சேர்ந்தே மேலே போனார்கள். எழுபது நிமிடம். பதிவேட்டைத் திறந்து அவள் எழுபது என்று எழுதினாள்.

"ஏன் அப்படி எழுதினே?"

"எழுபதுதானே ஆச்சு?" என்றாள் அவள். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது பலகையில் பெயின்ட் வாசனைகூட முழுதாகப் போகவில்லை, எழுபது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் பஸ்ஸில் அளந்த சீட்டி குறுக்கே வந்து நின்றது.

"பரவாயில்ல விடு. உனக்குப் பழக்கம் இல்ல. நான் உனக்காகத்தான் மெதுவா வந்தேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தது. அவளுடைய தம்பி அதைக் கேட்டுவிட்டு 'ஆமை அக்கா' என்று பெயர் வைத்தான். கணவரும் செல்லமாக ஆமை என்றார். மகள் பிறந்து பேசத் தொடங்கியதும் அதுவும் ஆமை அம்மா என்றது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் யோசித்து, ஒரு நாள் டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, சிலருக்கு உடல்வாகு அப்படி என்று அனுப்பிவிட்டார்கள். பலகைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கவலையாக, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவள் எந்தப் பாதையிலும் நடக்கவில்லை. குடும்பமாகப் போகும்போதெல்லாம் கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொள்வாள். "நான் வந்தா உங்களுக்குத்தான் லேட். போய்ட்டு வாங்க" என்பாள். அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார். கையில் ஏதாவது துணியும் ஊசியும் கொண்டுவந்திருப்பாள்; இரண்டரை மணி நேரத்தில் ஒரு சட்டைக்கு முழுக்கப் பொத்தான் தைத்துவிடலாம். காவலாளி அந்த இடத்துக்கு அம்மா பெஞ்சு என்றே பெயர் வைத்திருந்தார். மகள் வளர்ந்து வேலைக்கு வேறு ஊர் போகும்வரை இது நடந்தது.

இப்படியே ஓய்வு பெறும் நாளும் வந்திருக்கும். ஆனால் அதற்கு ஏழு வருடம் இருக்கும்போது புது அதிகாரி வந்து சேர்ந்தார்.

முப்பத்தைந்து வயதுப் பெண். எதையும் புள்ளிவிவரம் இல்லாமல் பேச மாட்டார். வந்த முதல் வாரமே குன்றின் மேலிருந்த பதிவேடுகள் பதினான்கையும் இறக்கிக் கொண்டுவரச் சொல்லி, ஒருவரை உட்கார வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பன்னிரண்டாயிரத்து முந்நூறு பேர். சராசரி நேரம் நாற்பத்து நான்கு நிமிடம். அதிகாரிக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. பாட்டன்மாரும் பாட்டிமாரும் நாற்பத்து நான்கு நிமிடத்தில் ஏறுகிற குன்றை, சம்பளம் வாங்குகிற ஊழியர்கள் எத்தனை நிமிடத்தில் ஏறுகிறார்கள்? சுற்றறிக்கை வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வெளிவேலை ஊழியர்கள் அனைவரும், பலகையில் கண்ட நேரத்துக்குள் குன்றை ஏறிக் காட்ட வேண்டும். முடியாதவர்கள் சான்றிதழ்ப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள்.

சான்றிதழ்ப் பிரிவு தலைமை அலுவலகத்தின் தரைக்கடியில் இருந்தது. ஒரே ஜன்னல்; அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். பிறந்தவர்கள், செத்தவர்கள் சான்றிதழ் நகல்களுக்கு முத்திரை குத்த வேண்டும். பூங்காவில் நீரூற்று மெக்கானிக்காக இருந்த ஒருவரை இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே அனுப்பினார்கள். பலகைக்காரர் ஒரு வேலையாக அங்கே போனபோது அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, "வெளிய மழையா வெயிலா?" என்று கேட்டார். அப்புறம் வந்தவரிடமும் அதையே கேட்டார். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பாராம். பலகைக்காரருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த அறைக்குத் தான் போகக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மூன்று வாரம் அவகாசம் இருந்தது. தினமும் விடியற்காலையில் குன்றுக்குப் போய் ஏற ஆரம்பித்தார். முதல் நாள் எழுபத்தெட்டு நிமிடம். புது ஷூ வாங்கினார், எழுபத்தாறு. தேநீரை நிறுத்தினார், எழுபத்தொன்பது. மறுபடி குடித்தார், எழுபத்தைந்து. அதற்குக் கீழே ஓர் இழைகூட இறங்கவில்லை.

"வயசாயிடுச்சு" என்று வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். "நாப்பத்தஞ்சுல ஏறினவன் நான். எங்க போச்சு அந்தக் காலு?"

மனைவி அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்க. நான் அன்னிக்கே எழுபது. எல்லாரும் ஒரு நாள் என்னை மாதிரி ஆக வேண்டியதுதான்" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஆறுதல்தான் சொன்னாள். அவள் அவருக்காகக் காற்சட்டையின் முழங்காலில் துணி விட்டுத் தைத்துக் கொடுத்திருந்தாள், கால் தாராளமாக மடங்கட்டும் என்று.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த காலத்து நடைக் குறிப்பேடு பரணில் இருக்கும். அதில் நாற்பத்தைந்து என்று தேதியோடு எழுதியிருக்கும். அதைக் காட்டி, ஒரு காலத்தில் நானும் இப்படி நடந்தவன்தான் மேடம், முழங்கால்தான் மோசம் பண்ணுகிறது, கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்று கேட்கலாம். ஸ்டூல் போட்டு ஏறித் தேடினார். தூசி தட்டிப் பிரித்தார். தன்னுடைய அழகான கையெழுத்தில் இருந்தது: 'தண்ணீர்த்தொட்டிக் குன்று. முதல் நடை 72. இரண்டாம் நடை 70. வேகமாக நடந்தும் இவ்வளவுதான்.'

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது வயதில், ஒரு நோயும் இல்லாத காலில், வேகமாக நடந்து எழுபது. அவள் முதல் தடவையே எழுபது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மெஷின் நின்றது. "என்னங்க, பரண்ல ஏதோ உருட்டறீங்க?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்ல, பழைய பேப்பர்" என்றார். குறிப்பேட்டைப் பழையபடி மூட்டைக்கு அடியில் செருகினார். பயந்தாங்கொள்ளி!

தேர்வு நாளன்று காலை ஏழு மணிக்கு அதிகாரி கேட்டில் தயாராக நின்றார். பளிச்சென்று புது ஷூ. மணிக்கட்டில் அடியையும் இதயத் துடிப்பையும் எண்ணுகிற கருவி.

"நானும் கூடவே வர்றேன் சார். தலைமைன்னா முன்னாடி நடந்து காட்டணும்" என்றார்.

காவலாளி தன் நோட்டில் ஏழு ஐந்து என்று குறித்தார். முதல் திருப்பம் வரை அதிகாரி அரசு ஊழியர்களின் உடல்தகுதி பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இரண்டாவது திருப்பத்தில் பேச்சு துண்டு துண்டாக வந்தது. மூன்றாவதில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டது. ஒரு போன் வந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டு நின்று பேசினார். கடைசி ஏற்றத்தில் பலகைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து நின்று, அவர் வந்ததும் நடந்தார். கல் மண்டபத்தை அடைந்தபோது மணி எட்டு பத்தொன்பது.

அதிகாரி கல்லில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தார். தட்டினார். மறுபடி பார்த்தார். முகம் சிவந்திருந்தது, ஏற்றத்தினால் மட்டும் இல்லை.

"நாம கிளம்பினது ஏழு அஞ்சா சார்?"

"ஏழு அஞ்சு மேடம்."

"எழுபத்து நாலு..." என்று முணுமுணுத்தார். பிறகு முகம் தெளிந்தது. "நான் போன் பேசினதைக் கழிச்சிடணும்."

"ரெண்டு நிமிஷம் மேடம்."

"தண்ணி குடிச்சது. என் லேஸ் அவிழ்ந்தது. அந்த அணிலைப் பாத்தது. நிகர நடை நேரம்னு ஒண்ணு இருக்கு சார், உங்களுக்குத் தெரியாது." விரல் விட்டுக் கழித்தார். அணிலுக்கே ஒன்பது நிமிடம் போயிற்று. கழித்துக் கழித்துச் சரியாக நாற்பத்தைந்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "நீங்க பாஸ் சார். வாழ்த்துக்கள்."

பலகைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏழு வருடமும் வெயில், ஏழு வருடமும் மழை. அதிகாரி இரும்புப் பெட்டியைத் திறந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த பதிவேடுகளைத் திரும்ப அதற்குள்தான் அடுக்கியிருந்தார்கள். நடப்புப் பதிவேட்டில் தன் பெயரை எழுதி 45 என்று போட்டுப் பேனாவை நீட்டினார். நீட்டும்போது மனதுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நம்ம பதிவு எவ்ளோ நம்பகமானது தெரியுமா சார்? பன்னிரண்டாயிரத்துல ஒரே ஒரு என்ட்ரிதான் தப்பு." முதல் பதிவேட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். ஒரு வரியின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு. பக்கத்தில் 'பிழை. கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. "பாருங்க, எழுபதாம்! வழியில படுத்துத் தூங்கிட்டாங்க போல."

சின்னச் சின்னதான, நேரான எழுத்து. துணியில் சாக்பீஸால் குறி போடுகிற அதே கை.

"தூங்கல மேடம்" என்றார் பலகைக்காரர். "அது என் வீட்டுக்காரம்மா."

பேனாவை வாங்கினார். தன் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 74 என்று போட்டார். இந்தத் தடவை 4 கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"சார்! பாஸ்னு சொல்லிட்டேனே!"

"எழுபத்து நாலுதானே மேடம் ஆச்சு? கீழ பலகையில இருக்கறது பொய். போட்டது நான்தான். இதுல எழுதினவங்க அத்தனை பேரும் பொய். இந்த ஒரு வரிதான் நிஜம், அதைப் போய் அடிச்சு வச்சிருக்கீங்க."

அதிகாரி தன்னுடைய 45-ஐயும் அதற்குக் கீழே ஈரம் காயாத 74-ஐயும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே தேதி, ஒரே நேரத்தில் கிளம்பிய இரண்டு பேர். "நீங்களாத் தேடிக்கிட்டது சார்" என்று மட்டும் சொன்னார்.

பலகை விஷயம் குழுவுக்குப் போயிற்று. குழு மூன்று தடவை கூடியது. நாற்பத்து நான்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூறு சாட்சிகள் உள்ளனர். எதிராகச் சொல்பவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் ஒரே வீட்டில் வசிப்பவர்கள். எனவே பலகை அப்படியே இருக்கலாம் என்று முடிவெடுத்தது. பலகைக்காரரின் மாற்றல் உத்தரவுக்குக் குழு எதுவும் தேவைப்படவில்லை. அது மறுநாளே வந்துவிட்டது.

தேர்வன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், பரணில் ஏறிக் குறிப்பேட்டை எடுத்து, தையல் மெஷின் மேல் விரித்து வைத்தார். அவள் படித்தாள். ஊசிக்கு அடியில் இருந்த துணியை மெதுவாக உருவி எடுத்து மடித்து வைத்தாள்.

"டாக்டர்கிட்ட போனோமே, அப்பகூட சொல்லலியே?"

"சொல்லல."

"பெஞ்சுல உக்காந்திருந்தேனே."

"ஆமா."

"என் பொண்ணு என்னை ஆமைன்னு கூப்பிட்டா. நீங்க சிரிச்சீங்க."

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து இறுக்கமாகச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. சான்றிதழ்ப் பிரிவில் இரண்டாம் நாள் மத்தியானம், உள்ளே வந்த பியூனைப் பார்த்து நீரூற்று மெக்கானிக் வாயைத் திறப்பதற்கு முன்னால், பலகைக்காரர் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்துவிட்டது. வெயில் என்றார் பியூன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஷூ கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வர்றதா இருந்தா வாங்க" என்றாள். பஸ்ஸில் அந்தப் பழைய சீட்டி பற்றி அவருக்கு நினைப்பு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காவலாளி வழக்கம்போலப் பெஞ்சைத் தட்டித் துடைத்து வைத்தார். அவள் பெஞ்சைத் தாண்டி உள்ளே போனாள்.

இரண்டாவது திருப்பம் வரை அவர் பக்கத்திலேயே நடந்தாள். அங்கே ஒரு தடவை அவரைப் பார்த்தாள். அப்புறம் தன் நடையில் நடந்தாள். முதலில் அவள் முதுகு தெரிந்தது, பிறகு மரங்களுக்கு நடுவே புடவைத் தலைப்பு, பிறகு அதுவும் இல்லை. எங்கேயோ மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வலித்ததால் பலகைக்காரர் நின்று அதைக் கேட்டார். எத்தனையோ வருடமாக அந்தப் பாதையில் நடந்தவர், அது கீழே இருந்து மேலே தட்டிக்கொண்டே ஏறுவதை அன்றுதான் பார்த்தார்.

அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் மூச்செல்லாம் அடங்கி, கல்லில் உட்கார்ந்து நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பதிவேடு.

"எவ்ளோ ஆச்சு?" என்றாள், திரும்பாமலே.

பழகிய நாக்கு ஒரு பத்து நிமிடத்தைக் குறைக்கத்தான் பார்த்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எண்பத்தொண்ணு."

அவள் எழுதிவிட்டுப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவளுடைய வரியில் 67 என்று இருந்தது. அதற்குக் கீழே, பெயர் என்ற கட்டத்தில் 'ஆமை'. நேரம், 81. குறிப்பு என்ற கட்டத்தில், அதே சின்ன நேரான எழுத்தில்: 'இரண்டாவது திருப்பம் வரை இவருக்காகத்தான் மெதுவாக வந்தேன்.'